பெரட்டுக்குப் பிந்துகிறவன்

"இன்னைக்கும் பிந்தித்தானே வர்றே, சிலுவைராஜ்?"

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் காலை ஏழு மணிக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பார் கங்காணி சுருளிவேல். எல்லோரும் மலையேறப் புறப்படும்போதுதான் சிலுவைராஜ் ஓட்டமும் நடையுமாக வந்து சேருவான். ஒரு மாதமாக இதே கூத்து.

"வீட்டில அப்படி என்னடா வேலை?"

"சின்ன வேலைங்கய்யா. முடிச்சிட்டு வந்தேன்."

"கோழியைக் குளிப்பாட்டிட்டு வர்றியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்ததுதான் சுருளிவேலுக்குப் பொறுக்கவில்லை.

"உன் பொஞ்சாதிக்கு டி.பி.ன்னு தெரிஞ்ச அன்னைக்கே லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னேன். மேனேஜர் இரக்கப்பட்டாரு, தப்பிச்சே. நாளைக்கும் பிந்தினா வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. ஆமா!"

சிலுவைராஜ் மற்றவர்களோடு மலையேறினான்.

மறுநாள் பெரட்டுக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. கம்பளியை எடுக்க வீட்டுக்குத் திரும்பிய சுருளிவேல் திகைத்து நின்றார்.

பின்வாசல் படியில் சிலுவைராஜ். அவன் கையிலிருந்து மாத்திரையை வாங்கி, மூன்று வயது மகளின் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி மூக்கம்மாள்.

"ஏலே! என் பிள்ளைக்கு என்னத்தடா குடுக்கிறே?"

"கத்தாதீங்க," என்று குறுக்கே வந்தாள் மூக்கம்மாள். "சித்திரையில வந்து ஒரு மாசம் தங்கினானே என் தம்பி சின்னமுத்து, அவனுக்கு டி.பி.யாம். பிள்ளை அவன் மடியிலேயேதானே கிடந்தா? தினம் ஒரு மாத்திரை குடுக்கலேன்னா மூளைக்காய்ச்சல்ல கொண்டுபோய் விட்டாலும் விட்டுரும்னு கம்பவுண்டர் சொன்னாரு."

"எங்கிட்டே ஏன் சொல்லலே?"

"டி.பி.ன்னாலே வீட்டைக் காலி பண்ணுங்கிற ஆளுகிட்டயா? மாத்திரையை வீட்டில வெச்சா கண்டுபிடிச்சிருவீங்க. தன் பிள்ளைக்கு இதே தடுப்பு மாத்திரையை ஆஸ்பத்திரியில வாங்கும்போது நம்ம பிள்ளைக்கும் சேத்து வாங்கி, இந்த அண்ணன்தான் தினம் ஒண்ணா கொண்டாந்து தாராரு."

சுருளிவேலுக்குக் கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. சிலுவைராஜ் பக்கமே திரும்பினார்.

"அதை ஏழு மணிக்கு முன்னாடி வந்து குடுத்துட்டு, நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்து தொலைய வேண்டியதுதானேடா?"

"ஐயா வீட்டை விட்டுக் கிளம்பினாத்தானே நான் வர முடியும்?"