பந்தோபஸ்து நாளில் தண்ணீர் கிடையாது

மூன்றாவது அடியும் அதே தோளில்தான் விழுந்தது.

முதல் அடி ரோட்டில் விழ வேண்டும். அடுத்தது குடத்தில். ஆள்மேல் விழவே கூடாது. இத்தனை வருஷம் காக்கி போட்டவளுக்கு இது தெரியாதா?

லத்தி மறுபடி ஏறியது.

பெண்கள் காலிக்குடங்களோடு பைபாஸை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகிவிட்டது. இன்றைக்கு மந்திரி இந்த வழியாகப் போகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கார் வருவதற்குள் ரோடு காலியாக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் குதித்துக்கொண்டிருந்தார்.

ஏட்டு அமுதவல்லி எழுந்திருக்கச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி பச்சைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையாராக இருந்தாள். இவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் குடத்தின் வாய் இவள் அடிவயிற்றில் இடித்தது.

அவ்வளவுதான்.

உள்ளே மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரை அடிக்கிறோம் என்றே தெரியாமல் அடித்தாள்.

நேற்று மாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பந்தோபஸ்து என்றால் ஸ்டேஷனில் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஆண்களுக்கு ரோட்டோரம் ஒரு கருவேலமரம் போதும். இவர்கள் காக்கியோடு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? மேலிடத்து உத்தரவெல்லாம் இல்லை. இவர்களாகவே கண்டுபிடித்து, இவர்களாகவே மெச்சிக்கொண்ட கெட்டிக்காரத்தனம்.

நல்ல கெட்டிக்காரத்தனம் போங்கள்.

போன மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. தண்ணீர் குடி, அடக்காதே, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் மீதி மாத்திரை பீரோ மேல் போனது. லீவு கேட்கலாமென்றால் எங்கே வலி என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, காய்ச்சலோடு வந்து நிற்கிறாள்.

மாதக்கணக்காகத் தன் உடம்பை அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இன்றைக்கு அடிக்க வேறொரு உடம்பு கிடைத்திருந்தது.

குடம் பிளந்தது. தடுக்க நீண்ட கையில் லத்தி இறங்கியது. மணிக்கட்டில் மளுக்கென்று சத்தம். காதோரம் கிழிந்து ரத்தம் ரவிக்கையில் வழிந்தது. மற்ற பெண்கள் குடங்களை விட்டுவிட்டு ஓடினார்கள். அமுதாக்கா, போதும்க்கா என்று கூட நின்ற கான்ஸ்டபிள் கத்துவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அமுதவல்லி நிறுத்தவில்லை.

கீழே கிடந்தவள் நல்ல கையால் எட்டி, லத்தி பிடித்த கையைப் பற்றினாள். திருப்பி அடிக்கத்தான் பிடித்திருப்பாள். பிடித்த கை அப்படியே நின்றது.

"என்னா ஏட்டம்மா, ஒடம்பு இப்படிக் கொதிக்குது?"

லத்தி தாழ்ந்தது.

அதற்குமேல் அடக்க முடியவில்லை. சூடாக ஒரு கோடு தொடையில் இறங்கியது. அமுதவல்லி கால்களை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, நட்டநடு ரோட்டில் நின்றாள். மானம் போகிறதே என்று இருந்தது.

அந்த நிற்பு என்னவென்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அடிபட்டவள் எழுந்தாள். பிடித்த கையை விடாமல் பக்கத்துத் தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கை விளங்காமல் போக, நாசமாய்ப் போக என்று வழியெல்லாம் திட்டித் தீர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் கதவைத் தள்ளித் திறந்து இவளை உள்ளே விட்டாள்.

கத்தி வைத்து அறுப்பதுபோலப் போனது. சிவப்பாகப் போனது. வெளியே கேட்கக் கூடாதென்று சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டாள். கடித்தபடியே அழுதாள்.

மூலையில் ஒரு பெயிண்ட் வாளி. அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர். அந்த வீட்டுக்கு இன்றைக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது. ஒரு குவளைக்கு மேல் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, பல்லால் துண்டை இழுத்து மணிக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை புட்டுக் குழாய்போல வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர்.

வேண்டாம், டூட்டி என்று வாய்வரை வந்தது.

"குடிச்சுத் தொலை."

ஏட்டம்மாவெல்லாம் போய்விட்டது.

அமுதவல்லி லத்தியைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். குடித்தாள். தொண்டையில் இறங்குவது வலித்தது. பைபாஸ் பக்கம் விசில் ஊதினார்கள். அவள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். சைரன் நெருங்கி வந்தது.

அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்த பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு இங்கேயிருந்து எப்படிப் போவது என்று கேட்டாள்.

அந்தப் பெண் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நனைந்திருந்த காக்கியையும் பார்த்தாள்.

பிறகு படியில் சாய்ந்திருந்த லத்தியைக் காலால் சாக்கடைக்குள் தள்ளினாள்.

அமுதவல்லி அதை எடுக்கப் போகவில்லை.