துக்கம் கேட்க வந்த பொம்மை

துக்கம் கேட்க நேரில் போகாமல் பொம்மைப் படத்தை அனுப்புவது இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் அதை அவரவரே வரைந்து, அசைய வைத்து அனுப்ப வேண்டும். கடையில் வாங்கி அனுப்பினால் சொந்தக்காரர்கள் பேசுவார்கள்.

தேனியில் சித்தப்பா இறந்த அன்று, திருப்பூரில் ஞானசேகர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அனிமேஷன் கற்றுக்கொண்டான். பொம்மைக்கு உருண்டைத் தலை, குச்சிக் கை கால். முதலில் அது கல்யாண வீட்டுக்குப் போவது போலத் துள்ளி நடந்தது. துள்ளலைக் குறைத்தான். கண்ணீர் குழாய்த் தண்ணீராகக் கொட்டியது. ஒரு சொட்டாக்கினான். கடைசியில் அது கையசைத்து விடைபெற்றது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் அதையும் வெட்டினான். இப்போது பொம்மை வந்தது, உட்கார்ந்தது, கண்ணைத் துடைத்தது, பேசாமல் எழுந்து போனது. சித்தி வீட்டுச் சுவர்த்திரைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சித்தி போன் செய்தார்.

"சேகரு, ஒம் பொம்மை எந்திரிச்சுப் போகுது, திரும்ப வந்து உக்காருது. அன்னையில இருந்து இப்படித்தான்."

ஞானசேகருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை ஓடியதும் நிற்கும்படி வைக்க மறந்திருந்தான்.

"மன்னிச்சுருங்க சித்தி. இப்பவே நிறுத்திர்றேன்."

"நிறுத்தாத. மத்தவங்க பொம்மையெல்லாம் அன்னைக்கே போயிருச்சு," என்றார் சித்தி. "அழுகைய மட்டும் எடுத்துரு. கையில ஒரு காப்பி டம்ளர் குடு."