ஆளில்லாத யாத்திரை

"சிஸ்டர், புனிதர் கல்லறைக்கு ஒன்பது நாளா நடக்கறேன். முதல் நாள் விடுதியில இருபது பேரோட படுத்ததோட சரி. அப்புறம் வழியில ஒரு ஈ, காக்கா இல்ல! இன்னைக்கு ரெண்டு நாள் தூரத்தை ஒரே மூச்சுல நடந்துட்டேன். ஆண்டவர் எனக்குன்னே பாதையைக் காலி பண்ணிக் குடுத்திருக்கார்!" என்று பூரித்தார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

முத்திரை குத்த அவருடைய யாத்திரைப் புத்தகத்தைப் பிரித்தார் விடுதி சிஸ்டர். முதல் விடுதிக்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்த எச்சரிக்கையைப் படித்தார். அடுத்த கணமே, யாத்திரிகர்கள் படுத்திருந்த உள்ளறைக்கு ஓடினார்.

"எந்திரிங்க! யாருக்குப் பயந்து ஓடி வந்தீங்களோ, அந்தக் குறட்டைக்காரர் வந்துட்டார்!"

இருபது பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பறந்தார்கள்.

"இங்கேயும் நான் மட்டும்தானா சிஸ்டர்?"

"ஆண்டவர் சித்தங்க ஐயா!" என்ற சிஸ்டர், தன் காதுக்குப் பஞ்சு தேடினார்.