இரண்டாம் படி

துறைமுகத்துப் பாரந்தூக்கி சுமை தூக்கினால் மின்சாரம் தளரும். அதே மின்கம்பியில் ஓடிய வானொலிப் பட்டறையில் இராசநாயகம் செய்த ஒசிலேற்றர் என்ற ஒலிப்பெட்டி ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டியது. அதன் ஓசையும் கூடவே தாழும். பாரந்தூக்கியை ஓட்டிய கோணாமலை சுமையை ஒரு முழம் தூக்கி, நிறுத்திப் பார்த்து, பிறகுதான் உயர்த்துவான். அதனால் ஓசை இரண்டு படியாகத் தாழும்.

சித்திரை மாதம் எதிரி விமானங்களின் குண்டுவீச்சில் பாரந்தூக்கி கோணாமலையோடு கடலுக்குள் போனது. ஓசை மட்டும் இரண்டு படியாகத் தாழ்ந்துகொண்டே இருந்தது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தடுக்க இராசநாயகம் பெரிய கொண்டென்சர் வைத்தான். கடைசியில் மின்கம்பியையே வெட்டிவிட்டு, பற்றரியில் ஓட்டினான். அப்போதும் தாழ்ந்தது.

"சண்டை நேரம் ஐசே. இந்த இரைச்சலை நிப்பாட்டும்," என்றார் பட்டறையின் மேற்பார்வையாளர், போர்மன் சோமசேகரம்.

"இரைச்சல் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன். இது கோணாமலை. அவனை நிப்பாட்ட ஏலாது."

"அப்ப பெட்டியை அணையும்."

அந்நேரம் ஓசை ஒரு படி தாழ்ந்து, அதே நிலையில் ஒலித்தது.

"சுமை அவன்ரை கையிலை நிக்குது. நான் தொடமாட்டன். வேணுமெண்டால் நீங்களே கழற்றுங்கோ."

போர்மன் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஓசை நிற்கவில்லை. மெல்ல, இன்னும் ஒரு படி தாழ்ந்தது.