கேற்றில் வேப்பிலை

வாசல் கேற்றில் கட்டியிருந்த வேப்பிலையைக் கண்டு, அம்மை நோயோ என்று தயங்கித் தயங்கி உள்ளே வந்த மிட்வைஃப், என் மகளின் சட்டையை உயர்த்தி முதுகைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது அம்மாளும் இல்ல, கொப்பளிப்பானும் இல்ல புள்ள, வெறும் வேர்க்குரு. இந்த நைலோன் சட்டையக் கழட்டிப் பச்சத்தண்ணியில குளிப்பாட்டுங்க, காத்துப்பட விடுங்க. பவுடர அப்பாதீங்க, அது வேர்வ வாற துவாரத்த அடைச்சிரும்.”

நான் தலையை ஆட்டினேன்.

வைகாசி மாதத்தில் தன்னாமுனைத் தகரக் கூரைக்குக் கீழே பெரியவர்களுக்கே தோல் எரிகிறது. பத்து மாதப் பிள்ளை என்ன செய்யும்? கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்திருந்தது.

மாதா படம் மாட்டிய வீட்டில் அம்மாளுக்கு வேப்பிலையா என்று மிட்வைஃப் போகும்போது பகிடி பண்ணினார். நானும் சிரித்து வைத்தேன்.

நாலு நாளைக்கு முன்பு அந்த வேப்பிலைக்கு முன்னால்தான் அப்பா நின்றார்.

மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரனைக் கட்டியவள் எனக்கு மகளே இல்லை என்று சொன்ன அப்பா. கல்யாணம் முடிந்து நானும் ஜசிந்தனும் போய் நின்றபோது, மத்தியானம் முழுக்கக் கேற்றைத் திறக்காதவர். அதன்பிறகு மூன்று வருஷம் ஒரு கோல் கூட இல்லை. அப்படிப்பட்டவர் பனிச்சங்கேணியிலிருந்து பஸ் ஏறி, கையில் இறால் பையோடு பேத்தியைப் பார்க்க வந்திருந்தார்.

வேப்பிலையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மாள் வந்த வீட்டுக்குள் வெளியாள் கால் வைப்பதில்லை. மீன், இறால் வாசலுக்கும் வரக்கூடாது. அவர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார்.

உள்ளே மகள் அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு வந்த வழியே போய்விட்டார். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் தோணி இறக்கவில்லையாம். கண்ணகி அம்மன் கோயில் மண்டபத்தில் வெறும் தரையில் படுக்கை, ஒரு நேரச் சாப்பாடு. பேத்திக்குச் சுகம் வரும்வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்று நிற்கிறாராம். இன்று காலைதான் அம்மா சொன்னாள்.

மகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போது போன் அடித்தது. அப்பாவின் நம்பர். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

“அம்மாள் இறங்கிட்டாவா, புள்ளைக்குச் சுகமாயிட்டா மனே? நான் உன்னோட கதைக்காம இருந்த பாவம்தான் அந்தப் பச்சப்புள்ளைக்கு வந்திட்டு.”

அது அம்மாளே இல்லை அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். இறங்கிவிட்டா என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவர் விம்முவது கேட்டது.

வேர்க்குரு என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அப்பா பஸ் ஏறிவிட்டார் என்று அம்மா இரகசியமாகக் கோல் எடுத்துச் சொன்ன பிறகுதான், ஓடிப்போய் அந்த வேப்பிலைக் கொத்தை ஒடித்துக் கட்டினேன். ஒரு நாளைக்கு அவரும் கேற்றுக்கு வெளியே நிற்கட்டும் என்று நினைத்தேன்.