விரிசல் விடாத சைலன்சர்

ஆளில்லா விமானத்துச் சுழல் எஞ்சினின் சூட்டில் மாதத்துக்கொரு முறை விரிசல் விட்ட சைலன்சரை, ஆண்டுக்கணக்கில் தாங்கும்படி செய்துகாட்டியவள் சூலூர் பொறியாளர் தமயந்தி. அதன்பிறகு மொட்டைமாடிகளில் பார்சல் கொண்டுவரும் ஆளில்லா விமானங்கள் அரவமே இல்லாமல் இறங்கின. "இப்பத்தானுங்க நிம்மதியாத் தூங்கறோம்" என்று தெருவே அவளைக் கொண்டாடியது.

ஒரு மாலை, காய்ந்த துணி எடுக்க மாடியேறிய அவள் கணவன் செல்லமுத்துவின் முதுகுக்குப் பின்னால், விசிறி சுழலச் சுழல அப்படி ஒன்று இறங்கியது.

தமயந்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவன் வலக்கை இருந்த இடத்தில் வெறும் கட்டுதான் இருந்தது.

"ஒரு சத்தமும் கேக்கலையே, தமயந்தி. உன்ற சைலன்சர் போட்டதா?"

ஆமென்று தலையசைத்தாள்.

"அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்கற" என்றான் அவன்.

அந்தக் குரலில் துளிக் கோபமும் இல்லை. தமயந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.