ஏழாம் நம்பர்

“நான் சாகேல்லை எண்டு உதிலை ஒருக்கால் மாத்தி எழுதிவிடும் பிள்ளை. நான் போயிடுவன்.”

பதிவு மேசைக்கு முன்னால் நின்ற பெரியவர், மடித்து வைத்திருந்த ஆய்வுக் கட்டுரையை நிசாந்தினியிடம் நீட்டினார். மூளையில் நீர் தேங்கும் நோய் பற்றிய சர்வதேச மாநாடு தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. ரொறன்ரோ ஹோட்டல் மண்டபத்தில் முப்பது நாட்டு மருத்துவர்கள் கோப்பியும் கையுமாக நின்றார்கள்.

கட்டுரை அவள் எழுதியதுதான். தலைக்குள் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கிவிடும் புதிய குழாய் ஒன்றைப் பன்னிரண்டு முதியவர்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பதினொரு பேர் தள்ளாட்டம் நீங்கி நடந்தார்கள். ஏழாம் நம்பர் இறந்துவிட்டார். அந்த ஒரு சாவைப் பார்த்து இரண்டு நாடுகள் குழாயே வேண்டாம் என்றுவிட்டன. மற்ற நாடுகள் இன்றைக்கு முடிவு சொல்லும்.

“நீங்கள் ஆர் அங்கிள்?”

“சீனித்தம்பி. ஸ்ரௌவ்வில்லிலை இருந்து வாறன். ஏழாம் நம்பர்.” ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையைக் காட்டினார். “வெளிநாட்டிலை கன சனம் உந்தக் குழாய் இல்லாமல் தள்ளாடித் திரியுதாம், என்னாலைதானாம். மகள் வாசிச்சுச் சொன்னவள். ரெண்டு நாளா நித்திரை இல்லை.”

நிசாந்தினி அட்டையை வாங்கி நம்பரைப் பார்த்தாள். ஆறு மாதம் போனில் மட்டும் கதைத்த மனிதர். முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இவர் செத்துவிட்டார் என்று அவளுடைய அலுவலகமே ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது.

அவரைக் கூட்டிக்கொண்டு மாநாட்டுத் தலைவர் டொக்டர் றொனால்டிடம் ஓடினாள். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

“இவர் உயிரோடை இருக்கிறார் டொக்டர்.”

“ஆர்?”

“செத்தவர்.”

றொனால்ட் கண்ணாடியைக் கழற்றினார். “இண்டைக்கோ?”

சீனித்தம்பி ட்ரைவிங் லைசென்சை எடுத்து நீட்டினார். றொனால்ட் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சீனித்தம்பி எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டு உது சொல்லுது. நாங்கள் சாகடிச்சது ஒரு நம்பரைத்தானே. அந்த நம்பர் ஆர் எண்டு சொல்லிறது தனியுரிமைச் சட்டத்துக்கு மாறு. அதாலை நீங்கள்தான் அது எண்டு எனக்குத் தெரியக்கூடாது.”

“நானே சொல்லுறன்தானே தம்பி.”

“அதுக்கு உங்கடை எழுத்து மூல அனுமதி வேணும். எங்கடை பதிவின்படி நீங்கள் கையெழுத்துப் போடுற நிலையிலை இல்லை.”

மணி அடித்தது. நிசாந்தினி மேடைக்குப் போனாள். ‘இறப்பு: ஒன்று’ என்ற வரி திரையில் வந்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பின்வரிசையைப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்து சீனித்தம்பி எழுந்தார். கைத்தடி இல்லாமல், கம்பளத்தின் நடுக்கோடு பிசகாமல் நடந்து, மூன்று படியும் ஏறி, மைக்குக்கு முன்னால் தலையைக் குனிந்தார். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் புடைத்துக்கொண்டு நின்றது குழாயின் வால்வு.

அவ்வளவுதான். முப்பது நாட்டு மருத்துவர்களும் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் அவரை இன்னொரு தடவை நடக்கவிட்டு, கைக்கடிகாரத்தில் நேரம் பிடித்து, இந்த ஆய்விலேயே மிகச் சிறந்த நடை இறந்தவருடையதுதான் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஒன்றைப் பூச்சியமாக மாற்றியது றொனால்டேதான். வேண்டாம் என்ற இரண்டு நாடுகளும் மற்ற நாடுகளோடு சேர்ந்து கையை உயர்த்திக் குழாயை ஏற்றுக்கொண்டன.

எல்லாம் முடிந்தபின் நிசாந்தினி அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள், பிழை என்னிலைதான். கிழமைக்குக் கிழமை போன் எடுத்து, மூளை வேலை செய்யுதோ எண்டு பார்க்க, நூறிலை இருந்து ஏழேழாக் குறைச்சுச் சொல்லுங்கோ எண்டு உங்களைக் கேட்பனெல்லே, நீங்களும் எண்பத்தாறோடை எரிஞ்சு விழுவியள். கடைசியா எடுக்கேக்கை ஆரோ ஒருத்தர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகொண்டு, ‘சீனித்தம்பி மோசம் போயிட்டார், இனி எடுக்காதேங்கோ’ எண்டவர். நானும் அவரோடை சேர்ந்து அழுதனான். அதை நம்பித்தான் எழுதினனான். அந்தப் படுபாவி ஆர் எண்டு மட்டும் தெரிஞ்சால்…”

சீனித்தம்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவர் அழேல்லைப் பிள்ளை,” என்றார் மெல்ல. “நான்தான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான்.”